அரசு ஆஸ்பத்திரியில் துணை நிற்பது எப்படி: சாட்சியாக வாழ விரும்பும் விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சாட்சியாக வாழுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்கிறோம். திங்கட்கிழமை காலையில் அதை எங்கே தொடங்குவது என்றுதான் தெரிவதில்லை. நான் ஒரே ஒரு வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரியில், ஆள் துணை இல்லாமல் திணறுகிற நோயாளிக்குத் துணையாக நிற்பது. என் மாமனார் படுத்திருந்தபோது கவுண்டர் கவுண்டராக அலைந்து, எந்தச் சான்றிதழ் எங்கே வாங்குவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நொந்துபோனோம். அப்போது தெரிந்துகொண்டவையும், அதற்குப் பிறகு மற்றவர்களோடு வார்டுகளில் நின்று கற்றவையும் இதில் இருக்கின்றன. தென் மாவட்டங்களை மனதில் வைத்து எழுதினாலும், தமிழ்நாட்டில் எங்கும் நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வியாதியஸ்தரை விசாரிக்கச் சொன்னார். இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் விசாரிப்பது என்றால் பாதி நேரம் ஜெராக்ஸ் கடையிலும் வரிசையிலும்தான் போகும். அதற்குத் தயாராக வாருங்கள்.

1. முதலில் வீட்டிலும் சபையிலும் பேசி முடியுங்கள்

வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம். அதற்கு மேல் ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணவன் அல்லது மனைவியின் சம்மதம் இல்லாமல் தொடங்கினால் இரண்டாவது மாதமே நின்றுவிடும்; வீட்டில் கிடைக்காத அன்பை வார்டில் கொடுப்பதில் சாட்சி எதுவும் இல்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் முக்கியம். ஆராதனை முடிந்ததும் பழம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அன்றைக்கு காப்பீட்டுப் பிரிவு இருக்காது, தாலுகா அலுவலகம் இருக்காது, இ-சேவை மையமும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். நோயாளிக்கு உண்மையில் ஆள் தேவைப்படுவது வார நாளின் காலைப்பொழுதில். புறநோயாளிப் பிரிவு காலை ஏழரை மணிவாக்கில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர் என்றால் மாதம் ஒரு விடுப்பையாவது வார நாளில் எடுங்கள். ஓய்வு பெற்றவர்களும் மாலை ஷிஃப்ட் பார்க்கிறவர்களும் இந்த ஊழியத்துக்கு மிகப் பொருத்தமானவர்கள்.

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். பெண்கள் வார்டுக்குப் பெண்கள்தான் போகவேண்டும்.

2. அனுமதி வாங்குங்கள்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் பெயருக்குக் கடிதம். நடைமுறையில் அதைப் பார்த்து முடிவு சொல்பவர் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்). தாலுகா ஆஸ்பத்திரி என்றால் தலைமை மருத்துவ அலுவலர். கடிதத்தோடு இணைக்க வேண்டியவை:

- சேகர குரு அல்லது போதகரின் கடிதம், சபை லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு
- வரப்போகிறவர்களின் பெயர், தொலைபேசி எண், ஆதார் நகல், புகைப்படம்
- எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற விவரம்
- நீங்கள் செய்யப்போகும் வேலைகள்: படிவம் நிரப்புவது, வரிசையில் நிற்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, ரத்ததானத்துக்கு ஆள் ஏற்பாடு செய்வது
- நீங்கள் செய்யாதவை: கைப்பிரதி கொடுப்பது, வார்டில் பிரசங்கம் செய்வது, பணம் வசூலிப்பது, படம் எடுப்பது

கடைசி வரியை எழுத்தில் கொடுங்கள். கேட்காமலே கொடுங்கள். சில விசுவாசிகளுக்கு இது பின்வாங்குவதுபோலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் கைப்பிரதி நீட்டினால் பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறவரால் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் பேசுவதற்கு முன்னால் அவருடைய அனுமதி வேண்டும். இது ஆஸ்பத்திரிச் சட்டத்துக்கு முன்பே அன்பின் சட்டம்.

பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வரும்வரை, பார்வையாளர் நேரத்தில் உங்களுக்குத் தெரிந்த நோயாளியை மட்டும் போய்ப் பாருங்கள்.

3. பையில் என்ன வேண்டும்

நீலம், கறுப்பு பேனா இரண்டிரண்டு. ஸ்டேப்ளர். வெள்ளைத்தாள். பிளாஸ்டிக் ஃபைல் நான்கைந்து (ஒன்று பத்து, பதினைந்து ரூபாய்தான், ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து மடித்து வைத்திருக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி). மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதை மறக்காதீர்கள், படிவங்களில் எழுத்து பொடியாக இருக்கும். ஸ்டாம்ப் பேட் ஒன்று, கைநாட்டு வைக்கிறவர்களுக்கு. முகக்கவசம். ஒரு சின்ன நோட்டு.

மாதச் செலவு, பஸ் கட்டணம் தவிர்த்து, ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், இ-சேவைக் கட்டணம், டீ. அவ்வளவுதான்.

சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் போகவே வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். சாப்பாடு எதையும் சிஸ்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மறுநாள் ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் இருக்கவேண்டியவருக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு வாழைப்பழம் ஆபரேஷனையே தள்ளிப்போட்டுவிடும்.

4. முதல் பேச்சு

"அண்ணாச்சி, பக்கத்துச் சபையிலிருந்து வருகிறோம். பேப்பர் வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், செய்து தருகிறோம். காசு எதுவும் வேண்டாம்." இவ்வளவு போதும். நீங்கள் கிறிஸ்தவர் என்பதை மறைக்கவும் வேண்டாம், அதையே பேச்சாக்கவும் வேண்டாம். என்ன வியாதி என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள்.

கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்த விபூதிப் பொட்டலத்தை எட்டி எடுக்க முடியாமல் ஓர் ஆச்சி தவித்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த அக்கா குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, ஆச்சியின் கையில் வைத்துவிட்டு, "நெத்தியில பூசிவிடணுமா ஆச்சி?" என்று கேட்டார். அந்த வார்டில் அதற்குப் பிறகு எங்களை யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை. உங்கள் மனசாட்சி எதுவரை போக விடும் என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுப்பதற்குத் தயங்குகிறவர் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

5. காப்பீட்டு அட்டை: உங்கள் நேரத்தில் பாதி இதற்குத்தான்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். தகுதியிருந்தும் அட்டை எடுக்காத குடும்பங்களை ஒவ்வொரு வார்டிலும் பார்ப்பீர்கள்.

முதலில் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை தொலைந்துபோனாலும் ரேஷன் அட்டை எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். பல குடும்பங்களில் எப்போதோ எடுத்து, எங்கே வைத்தோம் என்று மறந்திருப்பார்கள்.

பதிவு இல்லை என்றால் தேவையானவை: ஸ்மார்ட் ரேஷன் அட்டை, குடும்பத்தினர் ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போய்த் திரும்பி வர சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். விண்ணப்பித்த கையோடு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து, நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லி, அட்மிஷன் சீட்டின் நகலைக் காட்டுங்கள். நம் அனுபவத்தில் பெரும்பாலான வி.ஏ.ஓ.க்கள் அதைப் பார்த்ததும் வேகமாகச் செய்து கொடுக்கிறார்கள். சான்று கிடைத்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போகவேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது கொக்கிரகுளம். நோயாளி எழுந்து வர முடியாத நிலை என்றால், கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். என்ன கடிதம் வேண்டும், வீட்டிலிருந்து யார் போகவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

இங்கே வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

பெயர். ரேஷன் அட்டையில் முருகன், ஆதாரில் முருகையா. அல்லது இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். கவுண்டரில் நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தால் அன்றைய நாள் போச்சு. வார்டிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

ரேஷன் அட்டையில் பெயர் இல்லாமை. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். அங்கே நீக்கி, இங்கே சேர்க்கவேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகும் விடாமல் முடித்துக் கொடுங்கள், அடுத்த தடவைக்கு உதவும்.

விரல் ரேகை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் வருடக்கணக்காகப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு, கத்தரியும் இலையும் பட்டுப் பட்டு விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். கருவியில் ரேகை விழாது. ஒவ்வொரு விரலாக முயற்சி செய்யச் சொல்லுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கண் கருவிழிப் பதிவுக்கு வழியிருக்கிறதா என்று கேளுங்கள். "உன் கைரேகை அழிஞ்சுபோச்சும்மா" என்று நாலு பேர் முன்னால் சொல்லும்போது அந்தப் பெண்கள் குற்றம் செய்தவர்கள்போலக் குறுகிப்போகிறார்கள். அப்போது பக்கத்தில் நிற்பதுதான் உங்கள் வேலை.

அட்டை இருந்தும் தனியாகப் பணம் கேட்டாலோ, சந்தேகம் இருந்தாலோ, திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. நோயாளியின் குடும்பத்தாரையே பேச வையுங்கள்.

6. ரத்தம்

சபையில் ஒரு பட்டியல் போடுங்கள்: பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. வயது 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். உபவாச ஜெப நாளில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது கொடுத்துவிட்டு மயங்கி விழுவீர்கள். கொடுத்தவரின் பெயரை நோயாளிக்குச் சொல்லத் தேவையில்லை.

7. பணம்

நோயாளியின் கையில் பணம் கொடுக்காதீர்கள், கடனும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் உங்களைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உறவு அங்கேயே முடிந்தது. தேவையான பொருளை வாங்கிக் கொடுங்கள். துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடுதான் சிரமம் என்றால், வளாகத்திலோ பக்கத்திலோ அம்மா உணவகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளவும் துணி மாற்றவும் சில இடங்களில் காசு கேட்பார்கள். நீங்கள் கொடுத்துப் பழக்கினால், உங்களுக்குப் பின்னால் வருகிற ஏழையிடம் அதுவே கட்டாயமாகிவிடும். சண்டை போடாமல், "நாங்களே தள்ளிக்கொள்கிறோம்" என்று சொல்லித் தள்ளுங்கள். தொடர்ந்து நடந்தால் ஆர்.எம்.ஓ.விடம் தனியாகச் சொல்லுங்கள். அந்த ஊழியரின் வீட்டுக் கஷ்டத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். அவரும் உங்கள் அயலார்தான்.

சபைக் குழுவாகப் பணம் திரட்டினால் ரசீதுகளை ஒட்டி வைத்த நோட்டு ஒன்று கட்டாயம். வெளிநாட்டிலிருந்து யாராவது அனுப்ப முன்வந்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வளைகுடாவில் சம்பாதித்துத் தன் சேமிப்பிலிருந்து தருவது வேறு. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்புவது, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி வெளிநாட்டுப் பணம். அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதைத் தொடக்கூடாது.

8. ஜெபம், ஜெபக்குறிப்பு

நோயாளி கேட்டால் மட்டும் ஜெபியுங்கள். கேட்டாலும், அடுத்த கட்டிலுக்குக் கேட்காத குரலில், ஒரு நிமிடத்துக்குள். தலையில் கை வைக்க அவசியமில்லை. "ஆண்டவர் உங்களைக் கட்டாயம் சுகப்படுத்துவார், மாத்திரையை நிறுத்துங்கள்" என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்தோ உங்கள் குழுவில் யார் வாயிலிருந்தோ வரக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்தியவர்கள், வலிப்புக்கு மாத்திரையை நிறுத்தியவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று எந்த சிஸ்டரைக் கேட்டாலும் சொல்வார். அப்படிப் பேசுகிறவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் அவரை மறுவாரம் கூட்டிப் போகாதீர்கள்.

ஜெபக்குறிப்பில் இன்னும் கவனம் வேண்டும். நோயாளியின் பெயர், ஊர், வியாதி மூன்றையும் சேர்த்து ஆலயத்தில் வாசிப்பதும் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போடுவதும் நம் சபைகளில் சாதாரணமாகிவிட்டது. காசநோய் என்று ஊருக்குத் தெரிந்தால் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "ஆஸ்பத்திரியில் ஒரு சகோதரிக்காக" என்று சொன்னாலே தேவனுக்குப் புரியும்.

ஏன் வருகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள், பெரும்பாலும் மூன்றாவது நான்காவது சந்திப்பில். அப்போது உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில், சுருக்கமாக. அவர் மேற்கொண்டு கேட்டால் மேற்கொண்டு பேசுங்கள். கேட்காவிட்டால் எக்ஸ்ரே அறைக்கு நேரமாகிவிட்டதா என்று பாருங்கள்.

9. டிஸ்சார்ஜுக்குப் பிறகு

எல்லோரும் இங்கே விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியதும் இரண்டு நகல் எடுங்கள். மறுபரிசோதனைத் தேதியைத் தமிழில் பெரிதாக எழுதி, மாத்திரை உறையின் மேல் ஒட்டுங்கள்: காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் சர்க்கரை மாத்திரைக்காக வருகிறவருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊரிலேயே கிடைக்கும் என்பது தெரியாமலிருக்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலில் வெளியூர் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித்தான் டிக்கெட் எடுக்கவேண்டும்.

10. மரணம் நேர்ந்தால்

அழுகிற குடும்பத்துக்குப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். வசனம் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்கும் நிலைக்கு வந்ததும் செய்யவேண்டியவை: இலவச அமரர் ஊர்திக்கு 155377. இறப்புப் பதிவுக்காக ஆஸ்பத்திரியில் கொடுக்கும் விவரத்தில் இறந்தவர் பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே சரிபாருங்கள். பின்னால் வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, விதவை உதவித்தொகை எல்லாம் இந்த ஓர் எழுத்தில் சிக்கும். வீட்டில் நடந்த மரணம் என்றால் 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும்; தாண்டினால் தாமதக் கட்டணமும், மேலதிகாரி அனுமதியும் என்று அலைச்சல் கூடும்.

துஷ்டி வீட்டுக்குப் போங்கள். அவர்கள் முறைப்படி என்ன செய்கிறார்களோ அதற்கு மரியாதையாக நின்றுவிட்டு வாருங்கள். பத்து நாள் கழித்து, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கத் துணைக்கு வரவா என்று கேட்டு மறுபடியும் போங்கள். அதற்கும் இ-சேவையில் 60 ரூபாய்தான். வெளியில் புரோக்கர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

11. சாலையில் அடிபட்டவரைப் பார்த்தால்

வார்டுக்குப் போகிறவர்களிடம் இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை கூட இருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயரும் முகவரியும் கொடுக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, இன்னுயிர் காப்போம் திட்டம் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு.

12. நோட்டும் அடுத்த ஆளும்

பையிலுள்ள சின்ன நோட்டில் வியாதியை எழுதாதீர்கள். கட்டில் எண், முதல் பெயர், என்ன சான்று பாக்கி, எந்தத் தேதியில் திரும்பப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். "வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போவதுதான் இந்த வேலையில் ஆகப்பெரிய சேதம். ஏற்கெனவே பலர் அவர்களிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். உங்களால் முடியாத வாரத்தில் நோட்டோடு இன்னொருவர் போகவேண்டும். அதனால் முதல் மாதத்திலேயே ஒரு வாலிபரையோ, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரையோ கூட்டிப் போய், ஆர்.எம்.ஓ. அறை, காப்பீட்டுப் பிரிவு, ரத்த வங்கி, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றையும் நேரில் காட்டிவிடுங்கள். அவருடைய பெயரையும் அனுமதிக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனால் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.